கடைசித் திருப்பம்

எங்கள் கள்ளிக்குப்பத்திலிருந்து செங்குன்றம் தாண்டிப் போனால் சோழவரம். கார் ரேஸ் நடந்த இடம் என்றுதான் பெரியவர்கள் சொல்வார்கள். உண்மையில் அது இரண்டாம் உலகப்போர் கால விமான ஓடுதளம். அதைப் பற்றிப் படிக்கப் போய் மாட்டிய விஷயம்தான் இந்தப் பதிவு. படிப்பது பி.காம்., எழுதுவது விமானம். பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

சின்ன விமானம் இறங்கும்போது ஏன் கட்டுப்பாட்டை இழக்கிறது? எஞ்சின் நின்றுவிடும் என்று நினைத்திருந்தேன். எஞ்சின் நன்றாக ஓடும்போதே நடக்குமாம்! வேகம் குறைந்திருக்கும்போது மூக்கை அதிகம் மேலே இழுத்தால், இறக்கையின் மேல் காற்று ஒட்டி ஓடாது. தூக்கும் விசை சட்டென்று போய்விடும். இதுதான் 'ஸ்டால்'. ஓடுதளத்தை நோக்கித் திரும்பும் கடைசித் திருப்பத்தில் இது நடந்தால் ஒரு பக்க இறக்கை முதலில் சரியும். விமானம் பம்பரமாகச் சுழன்று விழும். அது 'ஸ்பின்'.

ஆரம்ப காலத்தில் ஸ்பின் என்றால் அநேகமாக மரணம்தான். 1912 ஆகஸ்ட் 25 அன்று இங்கிலாந்தில் வில்ஃப்ரெட் பார்க் என்ற கடற்படை லெப்டினன்ட், ராணுவச் சோதனைக்காக மூன்று மணி நேரம் ஆவ்ரோ விமானத்தில் பறந்துவிட்டு இறங்க வந்தார். சுமார் 700 அடியில் ஸ்பின்! மூக்கை இழுத்துப் பார்த்தார், பலனில்லை. கடைசியில் சுழற்சிக்கு எதிர்ப்பக்கம் சுக்கானை முழுதாகத் திருப்பினார். தரைக்கு 50 அடி இருக்கும்போது விமானம் நிமிர்ந்தது. இன்றுவரை ஸ்பின்னிலிருந்து மீளும் பாடத்தில் அந்த எதிர்ச்சுக்கான் இருக்கிறது.

ஆனால் அதே ஆண்டு டிசம்பர் 15 அன்று வெம்பிளியில் வேறொரு விமானம் தாழ்வான உயரத்திலிருந்து விழுந்து பார்க் இறந்துபோனார். வித்தை தெரியும், உயரம் இல்லை.

நம் நாட்டிலும் இதே கதைதான். 1980 ஜூன் 23 அன்று டெல்லி சஃப்தர்ஜங் விமான நிலையம் அருகே சஞ்சய் காந்தி ஓட்டிய பிட்ஸ் எஸ்-2ஏ விழுந்தது. உடனிருந்த கேப்டன் சுபாஷ் சக்சேனாவும் இறந்தார். அவர்கள் இறங்கிக்கொண்டிருக்கவில்லை, சாகசம் செய்துகொண்டிருந்தார்கள். ஆனாலும் தப்பிக்கப் போதிய உயரம் இல்லை என்பது ஒன்றுதான்.

காமர்ஸ் பாஷையில் சொன்னால் உயரமும் வேகமும் கையிருப்பு. இறங்கும்போது இரண்டுமே ஒன்றாகக் காலியாகும். அந்த நேரத்தில் தவறினால் திறமை என்ற செக் பவுன்ஸ் ஆகிவிடும். அதனால்தான் பைலட்டுகளுக்குச் சொல்லித் தருவது இது: திருப்பம் சரியாக அமையவில்லையா, இழுத்துப் பிடிக்காதே. மேலே போய் இன்னொரு சுற்று வா.

இன்னொரு சுற்று வருவது தோல்வி இல்லை. அரியர் வைத்திருக்கும் நண்பர்களுக்கும் சேர்த்துதான் சொல்கிறேன்!