தகப்பன் கார், பிள்ளை கார்

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். அமெரிக்க மோட்டார் கார்களில் சில யானையையும் மிஞ்சிவிட்டன. இருந்த காலத்தில் சீந்துவார் இல்லை. இறந்த பிறகு ஆயிரம் பொன்!

பென்சில்வேனியா மாநிலத்தில் ஹெர்ஷி என்றொரு ஊர். அங்கே 1955-ஆம் ஆண்டு முதல் பழைய கார்ப் பிரியர்கள் இலையுதிர் காலத்தில் கூடிவருகிறார்கள். முழுக் கார்தான் வேண்டுமென்பதில்லை. பழைய விளக்கு, பழைய சக்கரம், துருப்பிடித்த பெயர்ப்பட்டை எல்லாவற்றுக்கும் அங்கே கிராக்கி உண்டு. எந்தக் காரை வாங்கலாம் என்று கேட்டால் மூன்று கட்சி பேசுவார்கள். ‘ஓட வேண்டும்’ என்பது ஒரு கட்சி. ‘அழகாக இருக்க வேண்டும்’ என்பது இரண்டாவது. ‘அபூர்வமாக இருக்க வேண்டும்’ என்பது மூன்றாவது. மூன்றுக்கும் ஃபோர்டு குடும்பம் ஒன்றிலேயே உதாரணம் கிடைக்கிறது.

முதலாவது, தகப்பனார் ஹென்றி ஃபோர்டின் ‘மாடல் டி’. 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி வண்டிகள் செய்தார்கள். ஆரம்பத்தில் 850 டாலர்; பிற்பாடு 300 டாலருக்கும் கீழே. குடியானவனும் கார் வைத்துக்கொள்ளலாம் என்று ஆக்கிய வண்டி அது. இன்றும் அதற்குப் புது உதிரிப் பாகங்கள் செய்கிறார்கள். ஆனால், வாங்குகிறவர் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும்! இடது பெடல் கியர், நடுப் பெடல் பின்னோக்கிச் செல்ல, வலது பெடல் பிரேக். வேகத்துக்கோ, ஸ்டியரிங் சக்கரத்தின் கீழே ஒரு கைப்பிடி.

ஹென்றிக்கு ஒரே பிள்ளை எட்ஸல். 1919-இல், இருபத்தைந்து வயதில், கம்பெனியின் தலைவரானார். பெயர்தான் தலைவர், கடைசி வார்த்தை தகப்பனாருடையது. ‘மாடல் டி’ பழசாகிவிட்டது, புது வண்டி வேண்டும் என்று பிள்ளை மன்றாடினார். தகப்பனார் அசையவில்லை. ஹைட்ராலிக் பிரேக் வேண்டும் என்று பிள்ளை சொன்னார். போட்டிக் கம்பெனியான கிரைஸ்லர் 1924-லேயே போட்டுவிட்ட அந்தப் பிரேக், ஃபோர்டு வண்டிக்கு வந்தது 1939-இல்தான்.

தகப்பனார் அதிகம் தலையிடாத ஒரு மூலை பிள்ளைக்குக் கிடைத்தது. அதுதான் 1922-இல் வாங்கிய லிங்கன் கம்பெனி. எட்ஸல் நல்ல ரசிகர். 1939-இல் பாப் கிரெகோரி என்ற சித்திரக்காரரைக் கொண்டு, தாம் ஃபுளோரிடாவில் விடுமுறைக்கு ஓட்ட ஒரு கார் செய்வித்தார். தாழ்ந்து நீண்ட உடம்பு, அனாவசிய அலங்காரம் எதுவும் கிடையாது. பார்த்த சிநேகிதர்கள் எல்லாம் ‘எனக்கொன்று’ என்றார்கள். அப்படிப் பிறந்ததுதான் லிங்கன் காண்டினெண்டல். 1948 வரையில் செய்தவை சுமார் 5,300. 1951-இல் நியூயார்க் நவீனக் கலைக்கூடம் எட்டுக் கார்களைச் சிற்பங்களைப்போல் காட்சிக்கு வைத்தபோது, 1941-ஆம் வருஷத்துக் காண்டினெண்டலும் அவற்றில் ஒன்று. அந்தப் பெருமையைப் பார்க்க எட்ஸலுக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1943-இல், 49-வது வயதில், தகப்பனாருக்கு முன்பே காலமாகிவிட்டார்.

இனி மூன்றாவது கார். 1955-இல் கம்பெனி ஒரு புதுக் காருக்குப் பெயர் தேடியது. மேரியன் மூர் என்ற கவிஞரிடம்கூட யோசனை கேட்டார்கள். அந்த அம்மாள் ‘யுடோபியன் டர்ட்டில்டாப்’ வரையில் பெயர்கள் எழுதி அனுப்பினார். ஆமை ஓட்டை நினைவூட்டும் பெயரில் யார் கார் வாங்குவார்கள்? கடைசியில், குடும்பத்தாருக்கு அவ்வளவாக இஷ்டமில்லாதிருந்தும், காலஞ்சென்ற பிள்ளையின் பெயரையே வைத்தார்கள்.

1957 செப்டம்பர் 4-ஆம் தேதி ‘எட்ஸல்’ கார் ஏகத் தடபுடலுடன் வெளிவந்தது. அதே சமயம் நாட்டில் வியாபார மந்தமும் வந்தது. ஹாரன் இருக்க வேண்டிய இடத்தில் கியர்ப் பொத்தான்கள். அவை அடிக்கடி மக்கர் செய்தன. முகப்பில் நெட்டுக்குத்தாக ஒரு வளையம். அதைப் பார்த்து ஊரே சிரித்தது. 1959 நவம்பரில் கடையைக் கட்டினார்கள். நஷ்டம் சுமார் 25 கோடி டாலர் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. அமெரிக்கர் பேச்சில் ‘எட்ஸல்’ என்றால் படுதோல்வி என்றே அர்த்தம் ஏற்பட்டுவிட்டது.

காலம் செய்த வேடிக்கையைப் பாருங்கள். கடைசியாக வந்த 1960 மாடலில், கூரையை மடக்கும் ரகம் மொத்தம் 76 வண்டிகள்தாம். அன்று வாங்க ஆளில்லை, ஆகவே செய்யவில்லை, ஆகவே இன்று சேகரிப்பவர்கள் தேடி அலைகிறார்கள்! மூன்றாவது கட்சிக்காரர் கொடுக்கும் விலையில் பெரும்பகுதி, அன்றைய ஜனங்கள் ‘வேண்டாம்’ என்று சொன்னதற்குத்தான்.

வாங்குகிறவர் முதலில் காரின் அடியில் குனிந்து துருவைப் பார்க்கட்டும். காண்டினெண்டல் என்றால், பிறவி எஞ்சினான பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின் அப்படியே இருக்கிறதா என்று பார்க்கட்டும். அது தொல்லை கொடுத்ததால் வேறு எஞ்சின் மாற்றியவர்கள் பலர். இவையெல்லாம் பணம் போடுகிறவருக்கு அவசியம்.

ரசிக்கிறவருக்கு அபூர்வத்தைவிட வேறொன்று முக்கியம் என்பது என் அபிப்பிராயம். யார் இதை ஆசைப்பட்டுச் செய்தார்கள் என்று அவர் கேட்க வேண்டும். ‘மாடல் டி’யில் தகப்பனாரின் பிடிவாதம் தெரிகிறது. எட்ஸல் காரில், அதைக் கண்ணாலும் காணாத ஒருவரின் பெயர் மட்டும் இருக்கிறது. அந்த மனிதரைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால், அவர் பெயர் எழுதப்படாத காண்டினெண்டலின் எதிரில்தான் போய் நிற்க வேண்டும்.