வெள்ளைக் கோட்டு ரோடுகள்

போன வாரம் பரணை ஒழித்துக்கொண்டிருந்தபோது ஒரு பழைய மிஷ்லேன் ரோடு மேப் கையில் கிடைத்தது. மடிப்பெல்லாம் கிழிந்து, ஓரத்தில் காபிக் கறையோடு. பிரான்சில் பூர்கோஞ் பக்கத்து மேப். என் பெரியப்பா மகன் 2010-ல் எனக்குக் கொடுத்தது. அதில் அவர் பென்சிலால் போட்ட கோடுகள் இன்னும் அழியவில்லை. அண்ணன் போய் மூன்று வருஷம் ஆகிறது.

பழைய வாசகர்களுக்கு எங்கள் குடும்பக் கதை தெரியும். 1962-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்று எழுதிக் கொடுக்க ஆறு மாசம் அவகாசம் தந்தார்கள். பெரியப்பா எழுதிக் கொடுத்தார். அப்பா கொடுக்கவில்லை. ஒரே வீட்டில், ஒரே திண்ணையில் உட்கார்ந்து எடுத்த இரண்டு முடிவுகள். அண்ணன் பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து, பென்ஷன் வாங்கி, ஷாலோன் ஊருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் தங்கிவிட்டார். நான் இங்கே பொதுப்பணித்துறையில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, ரோடு பைல்களைப் பார்த்தே தலை நரைத்தேன்.

ஓய்வு பெற்ற மறுவருஷம் அண்ணன் டிக்கெட் அனுப்பிக் கூப்பிட்டார். போய் இறங்கிய மூன்றாம் நாளே ஒரு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். "தம்பி, மேப்புல செவப்புக் கோடு போட்ட ரோட்டுக்குப் போவாத. லாரி வரும். மஞ்சக் கோடு பரவால்ல. நமக்கு வெள்ளக் கோடுதான்."

மிஷ்லேன் டயர் கம்பெனி இந்த மேப்புகளை 1910-ல் போட ஆரம்பித்தது. ஒரு சென்டிமீட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் கணக்கு. பெரிய ரோடு சிவப்பு, அடுத்தது மஞ்சள், ஊருக்கு ஊர் போகும் சின்ன ரோடு வெள்ளை. பார்க்க அழகான பாதை என்றால் ஓரத்தில் பச்சைக் கோடு. கார் டயர் விற்கிறவன் போட்ட மேப், கார் வராத ரோட்டைத் தேடும் சைக்கிள்காரனுக்குத்தான் அதிகம் உதவியது என்பது வேடிக்கை.

அந்த மூன்று வாரமும் நாங்கள் சுற்றியது முழுக்க வெள்ளைக் கோட்டில்தான். கோதுமை வயல், மேட்டில் திராட்சைத் தோட்டம், வெள்ளை மாடுகள், ஒரு கல் தேவாலயம், மறுபடி வயல். ஒரு மணி நேரத்தில் இரண்டு கார் வந்தால் அதிகம். ஆனால் ரோடோ நம் கடற்கரைச் சாலை மாதிரி வழவழவென்று தார் போட்டது. என் குமாஸ்தா மூளை சும்மா இருக்குமா? போக்குவரத்தே இல்லாத ரோட்டுக்கு எவன் எஸ்டிமேட் போட்டான், எவன் சாங்ஷன் கொடுத்தான் என்று அண்ணனைக் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. அங்கேயும், திரும்பி வந்து இங்கேயும் படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

பிரான்சில் பெரிய ரோடுகள் ராஜா காலத்து வேலை. சாலைக்கும் பாலத்துக்குமான இன்ஜினியர் படையை 1716-ல் அமைத்தார்கள். அவர்களுக்கான பள்ளிக்கூடம் 1747-ல் வந்தது. ஆனால் மண் சுமந்தவன் குடியானவன். கொர்வே என்று பெயர், கூலியில்லாத வெட்டி வேலை. வேலை அவனுக்கு, ரோடு பாரிசுக்கு. தன் ஊர்ச் சந்தைக்குப் போக அவனுக்கு மழைக்காலத்தில் வண்டிப் பாதைகூடக் கிடையாது. துர்கோ என்ற மந்திரி 1776-ல் இந்தக் கொர்வேயை ஒழிக்கப் பார்த்தார். பதவி போனதுதான் மிச்சம், கொர்வே திரும்ப வந்துவிட்டது. 1787-ல்தான் அது தொலைந்தது.

சின்ன ரோடுகளின் கதை தொடங்குவது 1836 மே 21-ம் தேதிச் சட்டத்தில். ஊர்ப்பாதைச் சட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் வாசகத்தைப் படித்தபோது எனக்கு ஒரு நல்ல பைலைப் பார்த்த சந்தோஷம். ஒவ்வொரு கோம்யூனும் தன் ஊர்ப்பாதைகளைத் தானே பராமரிக்க வேண்டும். வருமானம் போதாவிட்டால் வரிப்பட்டியலில் பெயருள்ள ஒவ்வொரு குடும்பத் தலைவனும் வருஷத்துக்கு மூன்று நாள் வரை உழைப்பு தர வேண்டும். தனக்கு மட்டுமல்ல, வீட்டில் 18 முதல் 60 வயது வரை உள்ள ஒவ்வொரு ஆணுக்கும், வேலைக்காரன் உட்பட. வண்டி இருந்தால் வண்டிக்கு, இழுக்கும் மாடோ குதிரையோ இருந்தால் அதற்கும் தனிக் கணக்கு. உடம்பு வணங்காதவன் பணமாகக் கட்டலாம். மேற்பார்வைக்கு ஒரு ரோடு அதிகாரி, நம் ஓவர்சீயர் மாதிரி.

நம் பக்கத்துக் குடிமராமத்து ஞாபகம் வருகிறதல்லவா? ஏரிக்கரை உடையாமல் இருக்க வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு போன கதை. பழைய கொர்வே வேறு பெயரில் வந்துவிட்டது என்று அங்கே முணுமுணுத்தவர்களும் உண்டு. ஆனால் ஒரு வித்தியாசம் இருந்தது. இந்த ரோடு அவன் வயலுக்கும், அவன் ஊர் ஆலைக்கும், அவன் சந்தைக்கும் போனது. அதனால்தான் வெள்ளைக் கோட்டு ரோடு எதுவும் நேராகப் போவதில்லை. ஒருவன் நிலத்தைச் சுற்றி, இன்னொருவன் களத்துமேட்டைத் தொட்டு, ஓடையில் இறங்கி ஏறிப் போகிறது. சைக்கிளில் மூச்சு வாங்கும்போது 1836 சட்டத்தைத் திட்டிக்கொண்டேதான் ஏறினேன்.

இன்று பிரான்சில் பத்து லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ரோடு இருக்கிறது. அதில் சுமார் ஏழு லட்சம் கோம்யூன்களுடையது. சுமார் 35,000 கோம்யூன் இருக்கிற தேசம், ஒவ்வொன்றுக்கும் ஒரு மேயர், ஒரு ரோடு பட்ஜெட். அவ்வளவு சின்ன ஊரும் தன் ரோட்டை விடாமல் பார்த்துக்கொள்கிறது.

அந்த ரோட்டில் முதலில் உல்லாசமாகப் போனவன் சைக்கிள்காரன்தான். பிரெஞ்சுக்காரன் வெலோ என்பான். அரசாங்கம் பார்த்துக்கொண்டிருக்குமா? 1893-ல் வெலோவுக்கு வரி போட்டது. பிறகு வரி கட்டியதற்கு அடையாளமாக ஒரு தகடு மாட்ட வேண்டியிருந்தது. 1958 வரை அந்தத் தகடு இருந்தது. அந்த நாளில் இங்கேயும் சைக்கிளுக்கு வரி கட்டித் தகடு மாட்டியவர்கள் இதைப் படித்துச் சிரிப்பார்கள்.

ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெயர் போல் தெ விவீ. 1853-ல் பிறந்தவர், சேந்த் எத்தியேன் ஊரில் பட்டு வியாபாரம். வெலோசியோ என்ற புனைபெயரில் எழுதினார். 1887-ல் சைக்கிளுக்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கினார். கொஞ்ச காலத்தில் வியாபாரத்தை விட்டுவிட்டு சைக்கிளே கதி என்று ஆகிவிட்டார். சைவ உணவுக்காரர். இரவெல்லாம் மிதித்து விடியும்போது மலை மேல் நிற்பவர். பந்தயம் அவருக்குப் பிடிக்காது. பசிக்கும் முன் சாப்பிடு, களைக்கும் முன் ஓய்வெடு, ஜம்பத்துக்காக மிதிக்காதே என்பது அவர் கட்சி.

மலை ஏற கியர் வேண்டும் என்று அவர் விடாமல் எழுதினார். தூர் தெ பிரான்ஸ் பந்தயத்தை நடத்திய ஆன்ரி தெகிராஞ்சுக்கு அது பிடிக்கவில்லை. கியர் மாற்றுவதெல்லாம் நாற்பத்தைந்து வயது தாண்டியவர்களுக்கு என்று கேலி செய்தார். 1937 வரை அந்தப் பந்தயத்தில் தெராயேர் என்னும் கியர் மாற்றியைத் தொடவிடவில்லை. அறுபது தாண்டிய நானும் அறுபத்தைந்து தாண்டிய அண்ணனும் இருபது கியர் சைக்கிளில் போனபோது வெலோசியோவுக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். 1930-ல் அவர் ஊரிலேயே டிராம் மோதி இறந்துபோனார். அந்த ஊருக்கு மேலே 1,161 மீட்டரில் இருக்கிற கணவாயில் அவருக்கு நினைவுக்கல் உண்டு.

1936-ல் லெயோன் புளும் அரசாங்கம் தொழிலாளிக்கு வருஷத்தில் இரண்டு வாரம் சம்பளத்தோடு லீவு கொடுத்தது. அதுவரை விடுமுறை என்பது பணக்காரன் சமாசாரம். ரயில் டிக்கெட்டிலும் சலுகை. ஆனாலும் பலர் புருஷனும் பெண்டாட்டியுமாக இரட்டை சைக்கிளில், பின்னால் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். பாரிஸ் தொழிற்சாலைக்காரர்கள் தங்கள் தேசத்தையே முதல் முறையாகப் பார்த்தது இந்தச் சின்ன ரோடுகளில்தான்.

பார்க்க வந்தவர்கள் கூடினார்கள், ஆனால் அங்கே குடியிருந்தவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். 1931 கணக்கெடுப்பில்தான் முதல் முறையாக கிராமத்தாரைவிட நகரத்தார் அதிகமானார்கள். உலகப் போருக்குப் பின் டிராக்டர் வந்தது. பத்துப் பேர் வேலையை ஒருவன் செய்தான். மிச்சப் பேர் பட்டணம் போனார்கள். அப்புறம் ஓத்தோரூத் என்கிற பெரிய நெடுஞ்சாலைகள் வந்து லாரிகளைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டன. மூன்று நாள் உழைப்பு கொடுத்துக் கட்டிய ரோடு மட்டும் அப்படியே இருக்கிறது. சைக்கிள்காரன் ரசிக்கிற அமைதி இப்படி வந்ததுதான்.

இதை எனக்குக் காட்டியவர் அண்ணன். ஒவ்வொரு ஊரிலும் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டுப் போர் நினைவுச் சின்னத்துக்கு முன்னால் போய் நிற்பார். 1914–1918 என்று போட்டு அதன் கீழே பெயர்கள். ஏறக்குறைய எல்லா கோம்யூனிலும் ஒன்று இருக்கிறது. பிரான்சில் அந்தப் போரில் செத்தவர்கள் சுமார் 14 லட்சம். முப்பது வீடுகூட இல்லாத ஊரில் பதினேழு பெயர். ஒரே குடும்பப் பெயர் மூன்று தடவை. அண்ணன் ஒவ்வொன்றாக மெல்ல வாய்விட்டுப் படிப்பார். நம் கடற்கரையில் 1938-ல் திறந்த நினைவுச் சின்னம் இருக்கிறதே, சின்னப் பையனாக அதைத் தாண்டி எத்தனையோ தடவை ஓடியிருக்கிறோம். ஒரு தடவையாவது பெயரைப் படித்தோமா?

"இங்க எனக்குத் தெரிஞ்சவங்க யாருமில்ல தம்பி. இவங்கதான்" என்றார் ஒரு நாள். நான் பேச்சை மாற்றிவிட்டேன். மாற்றியிருக்கக் கூடாது.

கடைசியில் என்னை அழைத்துப்போனது ஜிவ்ரியிலிருந்து க்ளுனி வரை, 44 கிலோமீட்டர். பழைய ரயில் பாதை. தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டுத் தார் போட்டு 1997-ல் சைக்கிளுக்கும் நடைக்கும் விட்டார்கள். வுவா வெர்த், அதாவது பசுமை வழி. பிரான்சிலேயே முதல் வுவா வெர்த் இதுதான் என்று அங்கே பெருமையாகச் சொல்கிறார்கள். ரயில் பாதையானதால் ஏற்றமே தெரியாது. வழியில் பூஸி என்று ஓர் ஊர். எக்ஸ் போட்டு எழுதுவார்கள், ஆனால் உள்ளூர்க்காரன் வாயில் நம் புஸ்ஸி வீதிதான். தளபதி புஸ்ஸிக்கும் இந்த ஊருக்கும் சம்பந்தமில்லை என்றாலும் இரண்டு புதுச்சேரிக்காரர்கள் அங்கே நின்று சிரித்தோம்.

க்ளுனி மடம் 910-ல் தோன்றியது. ரோமில் இப்போதைய ராயப்பர் தேவாலயம் எழும்பும் வரை கிறிஸ்தவ உலகத்திலேயே பெரிய கோயில் அங்கேதான் இருந்தது. புரட்சிக்குப் பிறகு ஏலம் விட்டு, கல் கல்லாகப் பெயர்த்து விற்றுவிட்டார்கள். பத்தில் ஒரு பங்குதான் நிற்கிறது. அந்த நிழலில் உட்கார்ந்து, அண்ணன் வீட்டில் கட்டி எடுத்து வந்த புளிசாதத்தைச் சாப்பிட்டோம்.

அதற்குத் தெற்கே புவா க்ளேர் என்று ஒரு பழைய ரயில் குகை, சுமார் 1,600 மீட்டர் நீளம். இப்போது அதுவும் சைக்கிள் பாதை. அன்றைக்கு நேரமாகிவிட்டது. "அடுத்த தடவ வரும்போது போவலாம்" என்று அண்ணன் மேப்பை எடுத்து அந்த இடத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டார்.

பேத்தி இப்போது லியோனில் படிக்கிறாள். இந்த மேப்பை அவளுக்கு அனுப்பலாம் என்றிருக்கிறேன். குளிர்காலத்தில் அந்தக் குகையில் வௌவால்கள் தூங்குவதால் மூடிவிடுவார்கள், வெயில் காலத்தில்தான் போக வேண்டும். உள்ளே சில்லென்று இருக்கும் என்று அண்ணன் சொன்னார். ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளச் சொல்லி எழுத வேண்டும்.