ஒரே காம்பவுண்டு, ரெண்டு சம்பளம்

அமெரிக்காவுல சார்ட்டர் ஸ்கூல்னு ஒண்ணு இருக்கு. பணம் அரசோடது, நடத்துறது வேற ஆளு. எங்க அருப்புக்கோட்டைப் பக்கம் இது ரொம்பப் பழைய கதைங்க.

இந்த வானம் பார்த்த ஊர்களில் நாடார் உறவின்முறைகள் மகமை வசூலிச்சாங்க. வியாபாரத்துல ஒரு பங்கு பொதுப் பணம். அதுல கோயில், கிணறு, அப்புறம் பள்ளிக்கூடம். விருதுநகரில் உலை வைக்கும்போது பெண்கள் எடுத்து வச்ச பிடி அரிசியும் க்ஷத்திரிய வித்யாசாலைக்குப் போச்சு. காமராஜர் அங்கதான் படிச்சார்.

1854 உட் அறிக்கைக்குப் பிறகு அரசு இப்படிப்பட்ட பள்ளிகளுக்கு மானியம் கொடுக்கத் தொடங்கியது. பின்னாடி ஆசிரியர் சம்பளமே அரசுப் பணம். ஆனா நியமிக்கிறதும் அனுப்புறதும் நிர்வாகம். அப்ப வாத்தியாரை யார் காப்பாத்துறது? 1973 தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம் அங்கதான் வருது. பள்ளிக்குழு கட்டாயம், கல்வித்துறையின் முன் அனுமதி இல்லாம ஆசிரியரை நீக்க முடியாது.

பிறகு சேர்த்த 14-ஏ பிரிவு கதையை மாத்திடுச்சு. 1991-92 முதல் புதுப் பள்ளிக்கு மானியம் இல்லை, பழைய பள்ளியில் தொடங்கும் புது வகுப்புக்கும் இல்லை. கண்காணிப்பு மட்டும் அப்படியே இருக்கும். நம்ம பாஷையில சொன்னா, பழைய யூசருக்கு மட்டும் பழைய பிளான்.

நான் படிச்ச ஸ்கூல்ல தமிழ் மீடியம் சாருக்கு அரசுச் சம்பளம், பென்ஷன். சுவருக்கு அந்தப் பக்கம் இங்கிலீஷ் மீடியம் மிஸ்ஸுக்கு எங்க ஃபீஸ்தான் சம்பளம். 2018-ல் புதுச் சட்டம் போட்டு, 2023-ல் அமலுக்கும் வந்தாச்சு. மிஸ் இன்னும் அங்கதான் இருக்காங்க. ஃபீஸ் லேட்டானா சம்பளமும் லேட்டு.