மேனிக் மைனர்: 48 கேபி-க்குள் ஒரு சுரங்கம்

உங்க தாத்தா கோலார் தங்கவயலில், நந்திதுர்க் சுரங்கத்தில் வேலை பார்த்தவரா? அப்படின்னா 1983-ல் பிரிட்டனில் வெளியான இந்த கேம் உங்களுக்கு நெருக்கமாகத் தெரியலாம்.

என்ன கேம் இது?

17 வயது மேத்யூ ஸ்மித் எழுதி, பக்-பைட் நிறுவனம் வெளியிட்டது. ஓடியது இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்ற வீட்டுக் கணினியில். நினைவகம் வெறும் 48 கேபி. கேசட்டை ஓடவிட்டு, சில நிமிடம் காத்திருந்தால்தான் லோடாகும்.

எப்படி ஆடுவது?

வில்லி என்ற சுரங்கத் தொழிலாளிதான் நீங்கள். இடது, வலது, தாவல்: அவ்வளவுதான். மொத்தம் 20 குகைகள். மின்னும் பொருட்களை எல்லாம் எடுத்தால்தான் வெளியேறும் வாசல் திறக்கும். சில இடங்களில் மிதித்தாலே தரை இடியும். உயரத்திலிருந்து விழுந்தால் உயிர் போகும்.

புதிர் எங்கே இருக்கு?

எதிரிகள் பெரும்பாலும் ஒரே தடத்தில் போய் வருவார்கள். அதனால் வேகத்தைவிட வரிசை முக்கியம்: எதை முதலில் எடுப்பது, இடியும் தரையை எப்போது மிதிப்பது? யோசிச்சுக்கிட்டே நின்றால், திரையின் கீழே காற்றின் அளவு குறைந்துகொண்டே வரும்.

நிஜத்தில்?

தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கி.மீ.-க்கு மேல் ஆழம். மேலிருந்து காற்றை அனுப்பினால்தான் கீழே வேலை. அழுத்தம் தாங்காமல் பாறை வெடித்துச் சிதறி உயிர்கள் போனதும் உண்டு. தங்கவயல் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டன.

வில்லிக்கு 3 உயிர். தீர்ந்தாலும் முதலிலிருந்து தொடங்கலாம். எமுலேட்டரில் இன்றும் இதை ஆடலாம். ஆடும்போது தாத்தாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவர் பார்த்த ஷிஃப்ட் பற்றிக் கேளுங்க.