சிவப்பு விளக்கு எரியும்வரை காத்திருக்க வேண்டாம்

கொக்கட்டிச்சோலையிலிருந்து நோயாளி ஒருவரை ஏற்றிக்கொண்டு, மண்முனைப் பாலம் வழியாக மட்டக்களப்பு வைத்தியசாலைக்கு வந்துகொண்டிருந்தேன். காத்தான்குடி நெரிசலில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஓரங்கட்டுவதற்குள் பொனற்றுக்குள்ளிருந்து ஆவி கிளம்பிவிட்டது. அவரை முச்சக்கரவண்டியில் மாற்றி அனுப்பினேன். ஹெட் காஸ்கட் போய்விட்டது. மூன்று கிழமை ஹயர் இல்லை; லீசிங் காசு மட்டும் நின்றபாடில்லை.

யப்பானிலிருந்து வரும் சின்னக் கார்கள் பலவற்றில் வெப்பநிலை முள்ளே கிடையாது. எஞ்சின் குளிராக இருந்தால் நீல விளக்கு, கொதித்தால் சிவப்பு விளக்கு. இடையில் நடப்பது நமக்குத் தெரியாது. முள் இருந்தாலும் முழுதாக நம்பமுடியாது. ஏறத்தாழ 80 பாகை செல்சியஸிலிருந்து 105 வரை அது நடுவிலேயே நிற்கும்படிதான் பல கார்களில் அமைத்திருக்கிறார்கள். தண்ணீர் முழுவதும் ஒழுகிப்போனால் நிலைமை இன்னும் மோசம். உணரி வெறுங்காற்றில் நிற்பதால் சூட்டைக் குறைத்துக் காட்டவும் கூடும். எனக்கு நடந்தது அதுதான். குழாய் ஒன்று வெடித்திருந்தது.

இப்போது ஸ்ரியரிங்குக்குக் கீழேயுள்ள ஓபிடி சொக்கற்றில் சிறு புளூடூத் கருவி ஒன்றைச் செருகியிருக்கிறேன். 'டோர்க்' போன்ற செயலி கைபேசியில் இலக்கத்தைக் காட்டும். மட்டமான வீதியில் என் காரில் 88 முதல் 95. ஏசியோடு நெரிசலில் 100 தொடும், விசிறி சுற்றியதும் இறங்கும். 105ஐத் தாண்டினால் ஏசியை நிறுத்தி, ஹீற்றரை முழுதாகத் திறப்பேன். உள்ளே வேகும்தான், ஆனால் எஞ்சின் சூடு குறையும். 110 என்றால் நிறுத்திவிடுவேன். ரேடியேற்றர் மூடியை அரைமணி நேரமாவது தொடக்கூடாது. அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் முகத்தில் அடிக்கும்.

ஓட்டோ கியர் கார் வைத்திருப்போர் கியர்பொக்ஸ் எண்ணெயையும் பார்க்கவேண்டும். அது எஞ்சினைவிட மெதுவாகச் சூடேறும், மெதுவாகவே ஆறும். 80 முதல் 95 வழமையானது. 120ஐத் தாண்டினால் எண்ணெய் விரைவாகக் கெடும். செங்கலடியிலிருந்து பிபிலை, லுணுகலை வழியாகப் பதுளைக்குப் பாரத்தோடு ஏறும்போதும், படுவான்கரை மணல் ஒழுங்கைகளில் சில்லு புதைந்து உறுமும்போதும் இந்தச் சூடு எகிறும். எஞ்சின் 92இல் அமைதியாக இருக்கும், கியர்பொக்ஸ் வெந்துகொண்டிருக்கும். எல்லாச் செயலியும் இதைக் காட்டாது. உங்கள் கார் வகைக்கான குறியீட்டைத் தனியாகச் சேர்க்கவேண்டியிருக்கலாம்.

வாவிக்கரையில் இன்னொரு தொல்லை, உப்பு. உப்புக்காற்று ரேடியேற்றரின் மெல்லிய தகடுகளை அரிக்கும். அவசரத்துக்கு ஊற்றும் உவர்க் கிணற்றுநீர் உள்ளே படிந்து, துருவேற்றி, வழியை அடைக்கும். கூலன்ற் விலை அதிகம்தான். ஆனாலும் கராச்சில் நான் கொடுத்த காசுக்கு எத்தனையோ போத்தல் வாங்கியிருக்கலாம்.

பொருளாதாரத் தடைக்காலத்தில் வடக்கில் மொரிஸ் மைனரும் ஒஸ்ரினும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலில் எழுப்பி, எஞ்சின் சூடேறிய பிறகே மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்தச் சாரதிகள் சத்தத்திலும் மணத்திலும் சூட்டை அறிந்தார்கள். இன்றைய எஞ்சின் அவ்வளவு பேசாது.

கைபேசியைப் பார்த்துக்கொண்டே ஓட்டாதீர்கள். செயலியில் 103க்கு ஒலி எழுப்பும்படி வைத்துவிட்டு, கண்ணை வீதியில் வையுங்கள்.