ஒரே கூரையின் கீழ் இரண்டு மரபுகள்

சென்னை உயர் நீதிமன்றத்தின் உரிமையியல் அதிகாரம், வழக்குகளை முதன்முதலில் விசாரிக்கும் மூல வழக்குப் பிரிவு என்றும், கீழமை நீதிமன்றத் தீர்ப்புகளை மறுபரிசீலனை செய்யும் மேல்முறையீட்டுப் பிரிவு என்றும் பிரிந்திருப்பதற்கு நிர்வாக வசதி காரணமன்று. வெவ்வேறு அதிகாரங்களின் பெயரால் தோன்றிய இரண்டு நீதிமன்ற மரபுகளைச் சேர்த்துத் தைத்த இடத்தில் எஞ்சிய தையல் அது.

முதல் மரபு கோட்டைக்கும் அதைச் சூழ்ந்த நகரத்துக்கும் உரியது. 1688இல் கிழக்கிந்தியக் கம்பெனி நகராட்சியுடன் சேர்த்து நிறுவிய மேயர் நீதிமன்றம், 1726ஆம் ஆண்டின் அரச சாசனத்தால் இங்கிலாந்து மன்னரின் பெயரில் நீதி வழங்கும் மன்றமாக மாறியது. இந்தியர்கள் தமக்குள் கொள்ளும் வழக்குகளை, இருதரப்பும் இசைந்தாலன்றி, அது ஏற்கக் கூடாதென 1753ஆம் ஆண்டுச் சாசனம் வரையறுத்தது. அதன் இடத்தில் 1798இல் ரெக்கார்டர் நீதிமன்றமும், 1801இல் சுப்ரீம் கோர்ட்டும் வந்தன. இரண்டுக்கும் முதல் தலைவராக இருந்தவர் தாமஸ் ஸ்ட்ரேஞ்ச்.

நகர எல்லைக்கு அப்பால் நிலைமை வேறு. அங்கே 1802ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளின்படி ஜில்லா நீதிமன்றங்களும், அவற்றுக்கெல்லாம் மேலாக உரிமையியலுக்குச் சதர் திவானி அதாலத்தும் குற்றவியலுக்குச் சதர் பௌஜ்தாரி அதாலத்தும் அமைந்தன. பெயர்கள் முகலாயருடையவை, அமர்ந்தவர்களோ பெரும்பாலும் சட்டம் பயிலாத கம்பெனி அலுவலர்கள். இவ்வமைப்பு குடியானவனுக்கு எட்டாதது என்று கருதிய தாமஸ் மன்றோவின் முயற்சியால், 1816இல் கிராமத் தலைவருக்குச் சிறு வழக்குகளைத் தீர்க்கும் கிராம முனிசீப் பொறுப்பும், அதற்கு மேல் இந்தியர்களே நீதிபதிகளாக அமரும் மாவட்ட முனிசீப் மன்றங்களும் ஏற்பட்டன. அவர் பெரிதும் நம்பிய பஞ்சாயத்து விசாரணையை மக்கள் அதிகம் நாடவில்லை. முனிசீப் பதவியோ வேரூன்றியது. மாயூரத்தில் அப்பதவி வகித்த வேதநாயகம் பிள்ளை, 1805 முதல் 1861 வரையிலான சதர் அதாலத் தீர்ப்புகளைச் ‘சித்தாந்த சங்கிரகம்’ என்னும் பெயரில் தமிழாக்கி 1862இல் வெளியிட்டார். தமிழர் தம் மொழியில் அத்தீர்ப்புகளைப் படிக்க வாய்த்த அதே ஆண்டில் அவற்றை வழங்கிய மன்றம் மறைந்துபோனது ஒரு வேடிக்கை.

1857 எழுச்சிக்குப் பின் கம்பெனி ஆட்சி முடிந்து எல்லா அதிகாரமும் அரசியின் கைக்குப் போனதால், இரட்டை அமைப்புக்கு நியாயம் இல்லாமற்போனது. 1861ஆம் ஆண்டின் உயர் நீதிமன்றங்கள் சட்டத்தைத் தொடர்ந்து, சுப்ரீம் கோர்ட்டும் சதர் அதாலத்துகளும் கலைக்கப்பட்டு, 1862 ஆகஸ்ட் 15 அன்று சென்னை உயர் நீதிமன்றம் செயல்படத் தொடங்கியது. முன்னதன் நகர அதிகாரம் மூல வழக்குப் பிரிவாயிற்று. பின்னவற்றின் மேல்முறையீட்டு அதிகாரம் மற்றப் பிரிவாயிற்று. சென்னை நகரில் குறிப்பிட்ட மதிப்புக்கு மேற்பட்ட சொத்து வழக்கு நேரே உயர் நீதிமன்றத்தில் தொடங்க, மதுரையில் அதே மதிப்புள்ள வழக்கு மாவட்ட நீதிமன்றத்திலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. 2004இல் அங்கே உயர் நீதிமன்றக் கிளை திறக்கப்பட்டபோதும், மூல வழக்குப் பிரிவு அதனுடன் போகவில்லை.