தாய் வீடு இல்லாதவர்கள்

ஏழாம் மாதம் வளைகாப்பு, பிறகு தாய் வீடு. நம் புதுச்சேரிப் பக்கத்தில் தலைப்பிரசவம் என்றால் அதுதான் வழக்கம். கடைசி மூன்று மாதம் ஓய்வும் வாய்க்கு ருசியான சாப்பாடும் கிடைக்கட்டும் என்றுதான் பெரியவர்கள் அப்படி வைத்தார்கள். ஆனால் தாய் வீடே கூலி வேலைக்குப் போகும் வீடாக இருந்தால்? வலி எடுக்கும் நாள் வரை நாற்று நட்ட பெண்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இதே கேள்வி பாரிஸ் நகரத்தில் ஒரு டாக்டருக்கும் எழுந்தது. பிரெஞ்சில் படித்தவன் என்பதால் பழைய பிரெஞ்சுப் புத்தகங்களைப் புரட்டுவது இன்னும் என் பொழுதுபோக்கு. அதில் தெரிந்துகொண்டது இது. அடோல்ஃப் பினார் என்ற மகப்பேறு மருத்துவர், கடைசி நாள் வரை வேலை செய்த தாய்மார்களின் குழந்தைகளையும், பிரசவத்துக்கு முன் விடுதியில் தங்கி ஓய்வெடுத்த ஏழைத் தாய்மார்களின் குழந்தைகளையும் நிறுத்துப் பார்த்தார். ஓய்வெடுத்தவர்களின் குழந்தைகள் ஏறத்தாழ 300 கிராம் கூடுதல் எடை. இதை அவர் 1895-ல் வெளியிட்டார்.

ஓய்வெடு என்று சொல்வது எளிது. அன்றைய கூலியை யார் தருவது? 1913-ல் போல் ஸ்ட்ரோஸ் என்ற செனட்டரின் முயற்சியால் அங்கே ஒரு சட்டம் வந்தது. வேலைக்குப் போகும் ஏழைத் தாய்க்குப் பிரசவத்தையொட்டி நாளொன்றுக்கு அரை பிராங்க் முதல் ஒன்றரை பிராங்க் வரை உதவித்தொகை. தாய்ப்பால் கொடுத்தால் இன்னும் அரை பிராங்க். தாய் வீடு செய்ததை அரசு செய்ய ஆரம்பித்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

நம் பக்கத்துத் தமிழ்நாட்டில் 1987-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் மகப்பேறு உதவித் திட்டம் வந்தது. முதலில் 300 ரூபாய். 2006-ல் 6,000, 2011-ல் 12,000, 2018-ல் 18,000 என்று உயர்ந்தது. இழந்த கூலிக்கும் சத்தான உணவுக்கும் என்பதே நோக்கம். அதனால்தான் ஒரு பகுதியைப் பிரசவத்துக்கு முன்பே தர ஏற்பாடு செய்தார்கள்.

2005-ல் மத்திய அரசு கொண்டுவந்த ஜனனி சுரக்ஷா திட்டம் வேறு மாதிரி. ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்த்தால் பணம். 2010-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வின்படி, ஆஸ்பத்திரிப் பிரசவங்கள் நன்றாகவே கூடின. ஆனால் மிகவும் ஏழைகளுக்கும் படிப்பில்லாதவர்களுக்கும் எல்லா இடத்திலும் பணம் போய்ச் சேரவில்லை.

ஏன் சேரவில்லை என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். நான் குமாஸ்தாவாக இருந்த ஓர் அலுவலகத்தில் பிரசவ உதவி மனுக்கள் என் மேசைக்கு வரும். ஒரு பெண்ணின் ரேஷன் அட்டையில் ஒரு வயது, பள்ளிச் சான்றிதழில் வேறு வயது. விதிப்படி மனுவைத் திருப்பி அனுப்பினேன். திருத்திக்கொண்டு வந்தாள், கணவன் பெயரில் ஓர் எழுத்து பிழை. மறுபடி திருப்பினேன். அப்போது அவளுக்கு எட்டாம் மாதம். கடைசியில் பணம் வந்த அன்று, அவள் கையெழுத்துப் போட வந்தபோது குழந்தை அவள் விரலைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தது. "இனிமே எதுக்குங்க சார், சரி குடுங்க" என்றாள்.

விதியை மீறாமல் வேலை பார்த்தேன் என்று ஓய்வு பெறும்போது பாராட்டினார்கள். அந்தப் பெண்ணின் கோப்பிலும் நான் விதியை மீறவில்லை. ஆனால் எட்டாம் மாதத்தில் பாலுக்கும் பழத்துக்கும் ஆகவேண்டிய பணம், குழந்தை நடக்கும்போது வந்தால் அது வெறும் பணம்தான்.

இப்போது வங்கிக் கணக்கிலேயே பணம் வருகிறது, நல்லதுதான். ஆதாரில் பெயர் பொருந்தவில்லை என்று இன்றும் சிலர் அலைகிறார்கள். உங்கள் தெருவில் அப்படி ஒரு கர்ப்பிணிப் பெண் இருந்தால், நம்மைப் போல் ஓய்வு பெற்றவர்கள் உட்கார்ந்து அந்தப் படிவத்தைப் பூர்த்தி செய்து கொடுக்கலாம். ஏழாம் மாதத்துக்குள் செய்துவிடுங்கள்.